இன்னும் ஓர் ஆண்டு

ஜூன் மாதம் நம் இல்லங்களில் கணக்குப் பார்க்கும் மாதம். தேர்வு முடிவுகள் வந்துவிடுகின்றன. கல்லூரி வாயில்களில் பெற்றோர் காத்து நிற்கின்றனர். குருமடத்திற்கும் கன்னியர் மடத்திற்கும் புதியவர்கள் பெட்டியுடன் புறப்படுகின்றனர். புறப்படுகிறவர்களைப் பற்றி ஊரே பேசுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் இதேபோல் புறப்பட்டு, இன்று முன்னே செல்வதா திரும்புவதா என அறியாமல் நடுவழியில் நிற்பவர்களைப் பற்றியோ வீட்டினுள்ளே, தாழ்ந்த குரலில்தான் பேச்சு நடைபெறுகிறது. இம்மாதம் அவர்களைப் பற்றிச் சிந்திக்க விரும்புகிறோம்.

விடாமுயற்சியைப் புகழாதவர் நம்மிடையே இல்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று பள்ளி ஆண்டு விழாக்களில் கேட்கிறோம், மறையுரைகளிலும் கேட்கிறோம். உண்மைதான், நகரும். ஆனால் எந்த அம்மி, அதை எங்கே நகர்த்தப் பார்க்கிறோம், நகர்ந்தபின் அவ்விடத்தில் அமர்ந்து அரைக்க யாரேனும் இருப்பார்களா என்று கேட்பவர் குறைவு. ஒரு குறிக்கோளை எப்போது பற்றிக்கொண்டிருப்பது, எப்போது மாற்றிக்கொள்வது என்பதைப் பள்ளியிலும் கற்பிப்பதில்லை. மறைக்கல்வி வகுப்பிலும் கற்பிப்பதில்லை. குடும்பங்கள் தாமாகவே தட்டுத் தடுமாறிக் கற்கின்றன.

நமக்கு வந்த ஒரு கடிதத்தின் சாரத்தை, எழுதியவரின் இசைவுடன், ஊரும் பேரும் நீக்கித் தருகிறோம். எழுதியவர் ஒரு தாய். மகன் பொறியியல் பட்டதாரி, வயது 28. குடிமைப் பணித் தேர்வு எழுதி மாவட்ட ஆட்சியர் ஆவதென்பது பள்ளிப் பருவம் முதல் அவன் கொண்ட குறிக்கோள். நான்கு முறை எழுதிவிட்டான். இரு முறை முதல்நிலைத் தேர்விலேயே தவறினான்; மூன்றாம் முறை முதன்மைத் தேர்வுவரை சென்றான்; சென்ற ஆண்டு மீண்டும் முதல்நிலையிலேயே தவறினான். பயிற்சி நிலையத்திற்கும் விடுதிக்குமாகத் தாயின் கழுத்துச் சங்கிலி ஒன்று நீங்கலாக மற்ற நகைகள் யாவும் அடகுக் கடைக்குச் சென்றுவிட்டன. தந்தை ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் உள்ளன. தங்கை செவிலியாகப் பணியாற்றி மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் தருகிறாள். "போதும், கிடைக்கிற வேலைக்குப் போ என்கிறார் அவன் அப்பா. இன்னும் ஒரே ஒரு முறை என்கிறான் மகன். போன வருடமும் அப்படித்தான் சொன்னான். யார் சொல்வது சரி ஐயா?" என்று கடிதம் முடிகிறது.

இதற்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. முயன்றால் முடியாததில்லை என்பது ஒன்று. உள்ளதைக் கொண்டு நல்லது செய் என்பது மற்றொன்று. இரண்டும் அக்குடும்பத்தை அறியாமல் சொல்லப்படும் விடைகள். எண்களைப் பார்த்தால் தந்தையின் அச்சம் புரிகிறது. ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் இத்தேர்வுக்கு விண்ணப்பிக்கின்றனர். அண்மை ஆண்டுகளில் இறுதியாகத் தெரிவு பெற்றவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். விதிகளைப் பார்த்தால் மகனின் நம்பிக்கையும் புரிகிறது. பொதுப் பிரிவினர் 32 வயதுவரை 6 முறையும், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் 35 வயதுவரை 9 முறையும் எழுதலாம். அரசு அவனுக்கு இன்னும் வாய்ப்புத் தருகிறது. ஆனால் அரசின் கணக்கில் தாயின் நகைகள் இல்லை. தங்கையின் சம்பளமும் இல்லை. அந்தக் கணக்கைக் குடும்பமே போட்டாக வேண்டும்.

புனித லூக்காஸ் எழுதிய நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் காய்க்காத அத்திமரத்தின் உவமை உள்ளது. அது மனந்திரும்புதலைப் பற்றியது; நம் பொருளுக்காக அதை வளைக்க நமக்கு மனமில்லை. ஆயினும் அதில் வரும் தோட்டக்காரரின் நடைமுறை அறிவைக் கவனிப்பதில் தவறில்லை. மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த உரிமையாளர், மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டக்காரர், வேண்டாம், இது என்றேனும் காய்க்கும் என்று வாதாடவில்லை. இந்த ஓர் ஆண்டு மட்டும் விட்டுவையுங்கள் என்கிறார். அந்த ஆண்டில் தாம் என்ன செய்யப் போகிறார் என்பதையும் சொல்கிறார்: சுற்றிலும் கொத்துவார், எருப் போடுவார். காய்த்தால் நல்லது; இல்லையேல் வெட்டிவிடலாம் என்று முடிவையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார்.

கடிதத்தில் வரும் இளைஞனின் "இன்னும் ஒரு முறை"க்கும் தோட்டக்காரரின் "இன்னும் ஓர் ஆண்டு"க்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். அவன் கேட்பது காலம் மட்டுமே. தோட்டக்காரர் கேட்பது எல்லை கட்டிய காலம். அதனுள் முன்பு செய்யாத ஒரு வேலை. அதன் முடிவில் எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்ற உடன்பாடு. இவை இல்லாத "இன்னும் ஒரு முறை" அடுத்த ஆண்டும் அப்படியே திரும்பி வரும்.

இதை வாழ்ந்து காட்டியவர்களுள் நாம் நன்கறிந்த ஒருவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். அவரை இயேசு சபையின் தலைவராக, உறுதியின் வடிவமாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அவர் தம் வாழ்வின் குறிக்கோளை எத்தனை முறை மாற்றினார் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

1491-ஆம் ஆண்டளவில் பிறந்த அவரது முதற் குறிக்கோள் வீரப் புகழும் அரசவைச் சிறப்பும். 1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பம்பலோனாக் கோட்டையில் பிரெஞ்சுப் படையின் பீரங்கிக் குண்டு அவரது காலை நொறுக்கியது. கால் கோணலாகக் கூடியபோது, அழகிய காலணி அணிய அது தடையாகுமே என்று, புடைத்து நின்ற எலும்பை அறுத்தெடுக்கச் செய்தார். அன்று வலி மறக்கும் மருந்தும் கிடையாது! அவ்வளவு வலியையும் பொறுத்தது, பழைய குறிக்கோளைக் காப்பாற்றுவதற்காகத்தான். ஆக, ஒன்றுக்காக எவ்வளவு துன்பப்படுகிறோம் என்பதை வைத்து அது தகுதியானது என்று முடிவு கட்ட முடியாது. நகைகளை அடகு வைத்த பெற்றோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

படுக்கையில் கிடந்தபோது வீரக் கதைகள் கேட்டார். கிடைத்தவை கிறிஸ்து நாதரின் சரித்திரமும் புனிதர் வரலாறுகளும். படிப்பதும் பகற்கனவு காண்பதுமாய் நாள்கள் கழிந்தன. ஓர் உயர்குலப் பெண்மணிக்காகச் செய்யப் போகும் வீரச் செயல்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். புனிதர்கள் செய்தவற்றைத் தாமும் செய்வதாகவும் கற்பனை செய்வார். இரண்டும் அவ்வேளையில் இனித்தன. ஆனால் முதற் கனவு கலைந்தபின் உள்ளம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்த பின்னும் மகிழ்ச்சி தங்கியது. இந்தச் சிறு வேறுபாட்டைக் கண்டுகொண்டதே அவரது மாற்றத்தின் தொடக்கம். கனவு காணும் வேளையில் அல்ல, கண்ட பிறகு உள்ளத்தில் எது எஞ்சுகிறது என்று பார்த்தார்.

அடுத்த குறிக்கோள் எருசலேம். இறுதிவரை ஆண்டவர் நடந்த மண்ணிலேயே தங்கி ஆன்மாக்களுக்கு உதவுவது. 1523-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கே சென்று சேர்ந்துவிட்டார். குறிக்கோள் கைகூடிவிட்டது போலவே இருந்தது. ஆனால் புனித இடங்களின் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் அவரைத் தங்க விடவில்லை. முன்பு அவ்வாறு தங்கியவர்கள் சிறைபிடிக்கப்பட்டு, அவர்களை மீட்கும் சுமை சபையின்மேல் விழுந்திருந்தது. இஞ்ஞாசியார் எளிதில் இணங்கவில்லை. தடுக்கும் அதிகாரம் தமக்குப் பாப்பரசரால் அளிக்கப்பட்டுள்ளது என்று அத்தலைவர் சொன்ன பின்னரே பணிந்தார்.

திரும்பும் வழியில் அவர் கேட்டுக்கொண்ட கேள்வி: இனி என்ன செய்வது? ஆன்மாக்களுக்கு உதவுவதே நோக்கம், எருசலேம் அதற்கு ஒரு வழி என்பது அப்போது சிறிது சிறிதாகத் தெளியத் தொடங்கியது. உதவுவதற்குக் கல்வி வேண்டும். எனவே ஏறத்தாழ 33 வயதில் பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் பயின்றார். போர்க்களத்தில் ஆணையிட்டவர் வினைச்சொல் மனப்பாடம் செய்தார். பிறகு அல்காலா, சலமான்கா. இரு நகரங்களிலும் சில வாரங்கள் சிறைவாசமும் கிட்டியது. 1528-இல் பாரீஸ் சென்றார். அங்கே ஒரே அறையில் தங்கியவர்கள் பீட்டர் ஃபாவரும், நம் சவேரியாரும்.

எருசலேம் ஆசை இன்னும் போகவில்லை. 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள், மோன்மார்த் குன்றின் சிற்றாலயத்தில் எழுவர் கூடி வார்த்தைப்பாடு கொடுத்தனர். எருசலேமுக்குச் செல்வது அதில் ஒன்று. அத்துடன் ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டனர். வெனிஸ் நகரில் ஓராண்டு காத்திருந்தும் கப்பல் கிடைக்காவிடில், அல்லது எருசலேமில் தங்க இயலாவிடில், பாப்பரசரிடம் சென்று, அவர் அனுப்பும் இடத்திற்குச் செல்வது. உற்சாகம் பொங்கி நின்ற வேளையில், எவரும் தோல்வியை நினையாத வேளையில், அவர்கள் இதைச் செய்தார்கள். சோர்ந்தபின் கட்டிய எல்லை அன்று அது.

1537-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தோழர்கள் வெனிஸ் வந்து சேர்ந்தனர். காத்திருந்த காலத்தில் சும்மா இருக்கவில்லை. மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தனர். உரோமைக்கு நடந்து சென்று பயணத்திற்கு அனுமதி பெற்றனர். செலவுக்கு நன்கொடையும் சேர்ந்தது. கொத்துவதும் எருப் போடுவதும் இதுதான். ஆனால் அவ்வாண்டு வெனிஸ் அரசுக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டது. திருப்பயணக் கப்பல் புறப்படவேயில்லை. ஓராண்டு கடந்தது. இன்னும் ஒரு பருவம் பார்ப்போம், போர் ஓயட்டும் என்று சொல்வதற்கு அவர்களுக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. அப்படிச் சொல்லவில்லை. பயணத்திற்காகப் பெற்ற பணத்தைக் கொடுத்தவர்களிடமே திருப்பி அனுப்பினர். 1538-ஆம் ஆண்டு இறுதியில் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பரிடம் தங்களை ஒப்படைத்தனர்.

மாற்றம் வலியில்லாமல் நடந்ததென்று எண்ண வேண்டாம். 1537 ஜூன் மாதமே குருப்பட்டம் பெற்றிருந்த இஞ்ஞாசியார், தம் முதல் திருப்பலியை 1538-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில்தான், உரோமையில் புனித மரியன்னைப் பேராலயத்தில் நிறைவேற்றினார். பெத்லகேமில் நிறைவேற்றும் ஆசையினாலேயே அவ்வளவு காலம் தாமதித்திருக்கக்கூடும் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். 1540 செப்டம்பர் 27-ஆம் நாள் சபை அங்கீகாரம் பெற்றது. அதன்பின் 1556-இல் இறக்கும்வரை அவர் பெரும்பாலும் உரோமையில் மேசையருகே அமர்ந்து கடிதங்கள் எழுதினார். ஏறத்தாழ 7000 கடிதங்கள் அவர் பெயரால் கிடைத்துள்ளன. வெறுங்காலுடன் எருசலேம் வீதிகளில் நடக்க விரும்பியவருக்குக் கிடைத்தது மேசையும் மைக்கூடும். எருசலேமை அவர் மீண்டும் காணவேயில்லை.

அந்தக் கப்பல் புறப்பட்டிருந்தால் நம் கடற்கரையின் கதை எப்படி இருந்திருக்கும்? போர்த்துக்கல் அரசர் இந்தியாவுக்குக் குருக்கள் கேட்டபோது, உரோமையில் இருந்தவர்களிடமே கேட்க முடிந்தது. முதலில் தெரிவு செய்யப்பட்டவர்கள் ரொட்ரிகஸும் பொபடில்லாவும். பொபடில்லா நோயுற்றார். அவருக்குப் பதிலாக 1540 மார்ச்சில் அவசரமாகப் புறப்பட்டவரே சவேரியார். 1542 மே மாதம் 6-ஆம் நாள் கோவாவில் இறங்கி, அதே ஆண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். எருசலேமுக்குப் போக வார்த்தைப்பாடு கொடுத்த எழுவரில் ஒருவர் மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் தமிழில் மன்றாட்டுக் கற்பித்தார்.

இத்தனை மாற்றங்களைக் கண்டவர் தம் ஞான முயற்சிகள் நூலில் மாற்றத்தைப் பற்றி எழுதியவற்றுள் ஒன்று, மாற்றாதே என்பதாக இருப்பது வியப்பே. உள்ளம் வறண்டு, இருண்டு, செபத்தில் சுவையற்று, நம்பிக்கை தளர்ந்திருக்கும் காலத்தில் எந்தத் தீர்மானத்தையும் மாற்றாமல், அதற்கு முன் தெளிவாயிருந்தபோது செய்த தீர்மானத்திலேயே நிலைத்திருக்க வேண்டும் என்கிறார். இருளில் நமக்கு ஆலோசனை சொல்வது நல்ல ஆவி அன்று என்பது அவர் காட்டும் காரணம். தேர்வு முடிவு வந்த அன்று இரவு, வேலையிடத்தில் மேலாளர் ஏசிய மாலை, கடன்காரர் வாசலில் சத்தமிட்டுப் போன மறுகணம், இவை குறிக்கோளை மாற்றும் வேளைகள் அல்ல. அவ்வேளையில் தந்தை மகனிடம் "இனி வேண்டாம்" என்று சொல்வதும் ஆகாது. மகன் புத்தகங்களைக் கட்டி எடைக்குப் போடுவதும் ஆகாது. சில வாரங்கள் செல்லட்டும். உண்ணவும் உறங்கவும் செபிக்கவும் முடிகிற நிலை திரும்பியபின் பேசலாம்.

பேசும்போது எப்படிப் பேசுவது? இஞ்ஞாசியார் இதற்கும் வழி சொல்கிறார். தராசு முள்போல் எப்பக்கமும் சாயாமல் நிற்கும் மனத்தை முதலில் வேண்டிப் பெறுதல். நன்மை தீமைகளை இரு பக்கமும் நிறுத்துப் பார்த்தல். முன்பின் அறியாத ஒருவர் இதே கேள்வியுடன் வந்தால் அவருக்கு என்ன சொல்வோமோ அதைத் தமக்கே சொல்லிக்கொள்ளுதல். மரணப் படுக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தால் எதைத் தெரிந்திருக்க விரும்புவோம் என்று எண்ணுதல். இவற்றுள் முன்பின் அறியாதவரைப் பற்றிய வழிதான் குடும்பங்களுக்கு மிகப் பயன்படும் என்பது நம் எண்ணம். ஊரான் பிள்ளைக்கு நாம் சொல்லும் புத்தி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது!

ஆனால் எல்லாத் தெரிவுகளையும் இவ்வாறு மறுபரிசீலனை செய்ய முடியாது என்பதையும் அவர் மறக்கவில்லை. திருமணம், குருத்துவம் போன்றவை ஒருமுறை செய்தபின் மாற்ற இயலாத தெரிவுகள். அவற்றுள் நன்கு வாழ்வது எப்படி என்பதே மிஞ்சும் கேள்வி. தொழில், ஊர், பதவி, படிப்பு ஆகியவை மாற்றத்தக்கவை. நம்மில் பலர் இதைத் தலைகீழாக நடத்துகிறோம். மாற்றத்தக்க வேலையைத் திருமணம்போல் பற்றிக்கொண்டு, அதன் பொருட்டுத் திருமணத்தை வாட விடுகிறோம்.

இவ்விடத்தில் ஒரு குடும்பத்தை நினைக்கிறோம். பிரான்சு நாட்டின் லூயி மார்ட்டின் இளமையில் ஆல்ப்ஸ் மலையில் உள்ள புனித பெர்நார்து மடத்தில் சேர விரும்பினார். இலத்தீன் தெரியாததால் ஏற்கப்படவில்லை. சிறிது காலம் இலத்தீன் பயின்று பார்த்தார்; பிறகு விட்டுவிட்டுக் கடிகாரத் தொழிலில் அமைந்தார். செலி குவெரின் என்னும் பெண்மணி பிறரன்புச் சகோதரியர் சபையில் சேரச் சென்று ஏற்கப்படாமல் திரும்பினார். அலன்சோன் ஊரின் புகழ்பெற்ற சரிகைப் பின்னல் தொழிலைக் கற்றுத் தாமே நடத்தினார். 1858 ஜூலை 13-ஆம் நாள் இருவரும் மணந்தனர். துறவு ஆசை அப்போதும் விடவில்லை. சகோதர சகோதரியர்போல் வாழ்வதென்று தொடங்கி, பத்து மாதங்கள் கழித்து ஆன்ம குருவின் அறிவுரையால் அதையும் மாற்றிக்கொண்டனர். ஒன்பது குழந்தைகள் பிறந்தனர். நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சிய ஐவருள் இளையவரே நம் குழந்தை தெரேசம்மாள். மனைவியின் தொழில் வளர்ந்தபோது லூயி தம் கடிகாரக் கடையை உறவினர் ஒருவருக்கு விற்றுவிட்டு, மனைவியின் தொழிலில் துணை நின்றார். அக்காலத்து ஆண்மகன் அது, ஊர் என்ன சொல்லியிருக்கும்? 2015 அக்டோபர் 18-ஆம் நாள் இருவரும் ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றனர்.

இனி அத்தாயின் கடிதத்திற்கு வருவோம். மகனைக் கேட்க வேண்டிய முதற் கேள்வி, ஆட்சியர் ஆன நாளைக் கற்பனை செய்தபின் உனக்குள் என்ன எஞ்சுகிறது என்பதே. சுழல்விளக்குக் காரும் வணக்கமும் என்றால், அவ்விளக்கு 2017-லேயே அகற்றப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். எளியோர்க்கு நிலப்பட்டாவும் பள்ளியும் சாலையும் கிடைக்கச் செய்யும் மகிழ்ச்சி என்றால், அது உண்மையான நோக்கம். அந்நோக்கத்திற்கு மாநிலப் பணித் தேர்வுகள், ஆசிரியப் பணி, பொறியியல் பணி என வேறு வழிகளும் உண்டு. எருசலேம் எது, ஆன்மாக்களுக்கு உதவுவது எது என்று அவன் பிரித்துக் காணட்டும்.

இரண்டாவது, ஒருமுறை எழுத இசைந்தால், எந்தத் தேதிவரை, எவ்வளவு பணம்வரை, இம்முறை எதை மாற்றிப் படிப்பான், எந்த முடிவு வந்தால் என்ன செய்வான் என்பவற்றை இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். பகுதி நேரமாக ஏதேனும் ஈட்டுவதும் எருப் போடுவதில் சேரும். இதுவரை செலவானதை அத்தாளில் எழுத வேண்டாம். போன பணத்துக்காக இன்னும் பணம் போடுவது, அறுத்த எலும்புக்காக மேலும் அறுப்பது போன்றது.

மூன்றாவதே நமக்கு முக்கியமாகப் படுகிறது. அக்கடிதத்தில் தாய் பேசுகிறார். தந்தையின் சொல் வருகிறது. மகனின் சொல்லும் வருகிறது. மாதந்தோறும் பணம் தரும் தங்கையின் சொல் ஒன்றுகூட இல்லை. அவளுக்கும் திருமண வயது. அவளுக்கும் மேற்படிப்பு ஆசை இருந்திருக்கலாம். ஒருவரது குறிக்கோளுக்கு யார் விலை கொடுக்கிறாரோ, அவர் எல்லை கட்டும் மேசையில் அமர்ந்திருக்க வேண்டும். அவள் மனமுவந்து இன்னும் ஓர் ஆண்டு தரலாம், தராமலும் போகலாம். கேட்காமல் எடுத்துக்கொள்வது மட்டும் முறையன்று.

எல்லை கட்டுவது ஆண்டவரைச் சோதிப்பதாகாதா என்று சிலர் ஐயுறலாம். எதற்கு எல்லை கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. அன்புக்கு எல்லை கட்டுவதில்லை. புனித மோனிக்கம்மாள் மகன் அகுஸ்தீனாருக்காகச் செய்த மன்றாட்டுக்குத் தவணை குறிக்கவில்லை. நோயுற்ற பிள்ளையைப் பேணும் தாயும் தவணை குறிப்பதில்லை. நம் திட்டங்களுக்கே எல்லை கட்டுகிறோம். அப்போஸ்தலர் பணி 16-ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் ஆசியாவில் போதிக்க முயன்றார், தடை நேர்ந்தது. பித்தீனியாவுக்குச் செல்ல முயன்றார், அங்கும் தடை. இருமுறை தடுக்கப்பட்டவர் ஊர் திரும்பிவிடவில்லை. துரோவா சென்று, அங்கிருந்து மக்கெதோனியாவுக்குக் கப்பலேறினார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று சொன்னவரும் நம் ஆண்டவரே.

இன்னொன்றையும் சொல்லாமல் இப்பகுதியை முடிக்க இயலாது. குருமடத்திலிருந்தோ மடத்திலிருந்தோ திரும்பி வரும் பிள்ளைகளைப் பற்றியது அது. மெய்யியலும் இறையியலும் மட்டும் குறைந்தது ஆறு முழு ஆண்டுகள் பயில வேண்டும் எனத் திருச்சபை விதித்திருப்பது பாடங்களுக்காக மட்டும் அன்று. அழைத்தல் உண்டா என்று தேர்ந்து தெளிவதற்குமே. அவ்வாறு தேர்ந்து, இது தன் வழியன்று எனக் கண்டு திரும்புகிறவன், அந்த ஆண்டுகள் எதற்காகத் தரப்பட்டனவோ அதைச் செய்து முடித்தவன். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, யாரையும் எக்காரணத்திற்காகவும் குருப்பட்டம் பெறுமாறு கட்டாயப்படுத்துவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. ஆனால் நம் பங்குகளில் சட்டம் செய்யாத கட்டாயத்தை ஊர்ப் பேச்சு செய்கிறது. "சாமியாராகப் போனவன் வந்துவிட்டான்" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி, உள்ளத்தில் தெளிவில்லாமலே பீடம்வரை செல்லும் ஆபத்து இல்லையென்று சொல்ல முடியுமா? தாய் தெருவில் தலைகுனிந்து நடப்பாளே என்று ஓர் இளைஞன் தன் வாழ்நாள் முழுவதையும் ஈடுவைக்கலாமா? அவன் திரும்பி வந்தால் அவன் தாயைத் தலைநிமிர்ந்து நடக்க விடுவது நம் கையில்தான் உள்ளது.

இந்த ஜூன் மாதத்திலும் அப்படி யாரேனும் நம் ஊர்களுக்குத் திரும்பி வந்திருப்பார்கள். ஞாயிறு பூசைக்கு வந்து, கடைசி வரிசையில் தூணருகே நிற்பார்கள். ஏன் வந்தாய் என்று கேட்க வேண்டாம். காரணத்தை அவர்களே ஒருநாள் சொல்லக்கூடும், சொல்லாமலும் இருக்கலாம். பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்க ஆள் இல்லையென்றால், அதைக் கேளுங்கள். குருமடத்தில் சில ஆண்டுகள் இருந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் அது தெரிந்திருக்கும்.